விட்டுப் பிடித்தவள்

நான் சிகரெட்டை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இது என் மனைவியின் கணக்கு. என் கணக்கில் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. என் கண்ணாடிக் கடையிலிருந்து வீட்டுக்கு நடக்க அவ்வளவு நேரம்தான் ஆகும்.

இரண்டு கணக்குக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி விழுந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு முந்தின வாரம், பரிசாக என்ன வேண்டும் என்று மனைவியைக் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்பாள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன். சிகரெட்டை விட்டுவிடுங்கள் என்றாள். நானும் ஒரு வேகத்தில், இந்த நிமிடமே விட்டுவிட்டேன் என்றேன். நெஞ்சில் கை வைத்து வேறு சொன்னேன். கைக்குக் கீழே ஏதோ கரகரத்தது. வாக்கு மட்டும் தெளிவாக வந்தது.

நாலு நாள் ஒழுங்காக இருந்தேன். ஐந்தாம் நாள் கடையில் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் நின்றுபோனது. ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது தடவையாக வந்து, இந்தக் கண்ணாடியைப் போட்டால் எல்லாரும் குள்ளமாகத் தெரிகிறார்கள் என்றார். மழை வேறு. ஒன்றே ஒன்று என்று பின்பக்கச் சந்துக்குப் போனேன். அந்த ஒன்றுக்கு ஒரு தம்பி பிறந்தான். தம்பிக்கு ஒரு தங்கை. ஒரு மாதத்தில் நாளைக்கு ஐந்து என்று குடும்பம் பெருகிவிட்டது.

இருந்தாலும் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. விட்டுவிட்டேன் என்பதை நடுவில் கொஞ்சம் இடம் விட்டு எழுதினால் சரியாகிவிடும். விட்டு விட்டுத்தான் பிடித்தேன்.

என் தொழில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு நான்தான் பார்வை கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒருத்தி கண்ணில் மண்ணைத் தூவத் தெரியாதா என்று நினைத்தேன். சிகரெட்டை விரலால் தொடவே மாட்டேன். கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியைப் பிடிக்க ஒரு சின்ன இடுக்கி வைத்திருப்போம். அதால் பிடித்து, ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதிரி இழுப்பேன். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தால் கையையும் மீசையையும் துடைத்துக்கொள்வேன். இரண்டு ஏலக்காய் மெல்லுவேன். கடையில் ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் ஆணியில் தொங்கும். இத்தனை உழைப்பை நான் படிப்பில் காட்டியிருந்தால் கண் டாக்டராகவே ஆகியிருப்பேன்.

மனைவி ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, என்னங்க, இப்பல்லாம் உங்க மேல புதுக் கண்ணாடி வாசனை அடிக்குது என்றாள். தொழில் பக்தி என்றேன். சரி என்றாள்.

அந்தச் 'சரி'யைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். அவள் ஒரு பெண்கள் விடுதியில் பகல் நேர வார்டன். இருநூறு பெண்கள். ஆளுக்கு ஒரு தலைவலி, ஒரு தூரத்துச் சித்தப்பா, திடீரென்று முடிவான ஒரு கல்யாணம். காலையிலிருந்து மாலை வரை பொய்களையே கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். வீட்டில் இருப்பது இருநூற்றி ஒன்றாவது ஆள் என்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். பதினோரு நிமிடக் கணக்கோடு கதவைத் திறந்தால் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தரைத்தளத்துக்கு இரண்டு மாதம் முன்பு குடிவந்த கணவன் மனைவி. அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையது. ஆறடி உயரம். எங்கள் சோபாவில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் சோபாதான் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அவர் ஒரு தடவை பலமாக இருமினார். பிறகு என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார்.

விஷயத்தை மனைவி சொன்னாள். கீழ் வீட்டுக்காரருக்கு இருபது வருடமாகச் சிகரெட் பழக்கமாம். குரல் போய்க்கொண்டிருக்கிறதாம். போன வாரம் மூன்றாவது நடைமேடை என்று சொல்லும்போது நடுவில் இருமிவிட, பாதிக் கூட்டம் இரண்டாவது நடைமேடைக்கு ஓடிவிட்டதாம். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தாராம். குரல் போனால் வேலை போகும்.

"நான்தான் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் ஒரே நாள்ல விட்டாரு, பதினோரு மாசமா ஒண்ணுகூடத் தொடலைன்னு" என்றாள் மனைவி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

கீழ் வீட்டு அம்மா என்னை ஞானியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அறிவிப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஏலக்காயைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, எல்லாம் மனசுதான் என்றேன். அது போதாது போலிருந்தது. ஆகவே தொடர்ந்தேன். ஆசை வந்தால் பத்தே பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும், அந்தப் பத்து நிமிடமும் யாரோடாவது பேச வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், கேரட் கடிக்க வேண்டும், பத்து நிமிடம் போனால் ஆசையும் போய்விடும். எங்கோ பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது சுவரில் படித்தது. என் அனுபவமாகச் சொன்னபோது நன்றாகவே இருந்தது.

"யாரோடாவதுன்னா, உங்ககிட்டயே பேசலாமா அண்ணே?" என்றார்.

எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். நம்பரையும் அவளே எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்தே முக்கால். பின்பக்கச் சந்து. இடுக்கியில் சிகரெட். தீக்குச்சியைக் கிழிக்கப் போகும் நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணே, வருது."

எந்த ரயில் என்று கேட்க இருந்தேன். ஆசை வருகிறது என்று அவரே விளக்கினார். இரண்டு ரயிலுக்கு நடுவில் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது பேசுங்கள் என்றார். ஒரு கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு சிகரெட்டின் தீமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். முடித்து நிமிர்ந்தால் கடையில் மூன்று பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். சிகரெட் பாக்கெட்டுக்கே திரும்பிப் போனது.

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சந்துக்குப் போனேன். போன். நாலேகாலுக்குப் போனேன். போன். அடுத்த நாளும் அப்படியே. நான் எடுக்கும் நேரமும் அவருக்கு ஆசை வரும் நேரமும் வினாடி பிசகாமல் ஒத்துப்போயின. புகைப்பவர்கள் எல்லாருக்கும் உடம்புக்குள் ஒரே கடிகாரம்தான் ஓடுகிறது என்று முடிவுகட்டினேன். அந்தக் கண்டுபிடிப்பை அவரிடமே சொன்னேன். ஆமாம் அண்ணே, ஒரே கடிகாரம்தான் என்று ஆமோதித்தார். சில சமயம் பேச்சின் நடுவே ஒரு நிமிடம் இருங்கள் என்று போய், ஒலிபெருக்கியில் முழு ஊருக்கும் கேட்க அறிவிப்பைச் சொல்லிவிட்டு வருவார். மூன்றே நாளில் குரல் வெண்கலமாக இருந்தது. என் அறிவுரைக்கு இவ்வளவு சக்தியா என்று நானே வியந்தேன்.

நேரத்தை மாற்றிப் பார்த்தேன். பத்தே முக்காலுக்குப் பதில் பத்தே காலுக்குப் போனேன். கடிகாரம் அவருக்கும் மாறியிருந்தது. சந்துக்குப் பதில் மொட்டை மாடிக்குப் போனேன். அங்கேயும் போன் அடித்தது. போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனேன். கடையில் முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதும் அம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிக்கே ஓடி வந்தாள். உங்க ஃப்ரெண்டு அழற மாதிரி இருக்கு சார் என்றாள்.

நாளைக்கு ஐந்து மூன்றானது. மூன்று இரண்டானது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி முனைக் கடைப் பக்கம் ஒதுங்குவது ஒன்று, சாயங்காலம் கடையைப் பூட்டியதும் ஒன்று. அந்தச் சாயங்காலத்து ஒன்றும் போயிற்று. நடந்தால் ஆசை குறையும் என்று யாரோ அவருக்குச் சொல்லி, அவர் கடை வாசலுக்கே வந்து என்னோடு நடந்து வர ஆரம்பித்தார்.

பன்னிரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போன் செய்து, குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு உடனே வரச் சொன்னார். போனேன். சிமெண்ட் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் பற்ற வைக்காத ஒரு சிகரெட். பதற்றத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பஞ்சு இருக்கும் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு உடைந்துபோயிருந்தால் இருபது வருடப் பழக்கம்கூட மறந்துபோகும் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

இனி எனக்காகக் கஷ்டப்படாதீர்கள் என்றார். பதினோரு மாதத்தில் ஒரு தடவைகூடச் சறுக்காத ஆள் நீங்கள், பன்னிரண்டு நாள்கூடத் தாங்காத ஆள் நான், உங்கள் பிறவி வேறு, என் பிறவி வேறு என்றார். இப்படிச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போகப் பார்த்தார்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் பொய்யால் ஒரு மனிதன் தன்னைத்தானே மட்டமாக நினைத்துக்கொண்டு போகிறான். அவன் குரல் போகும், வேலை போகும். அத்தனைக்கும் காரணம் நான் ஏலக்காய் மென்றது. பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். இடுக்கி, மாற்றுச் சட்டை, லென்ஸ் திரவம், சந்து. அன்று காலை ஏழரை மணிக்கு, பால் வாங்கப் போன சாக்கில் முடித்த ஒன்று உட்படச் சொன்னேன்.

"நான் விடவே இல்ல. ஒரு வாரம்கூட ஒழுங்கா விடல. உங்களைவிட மோசமான ஆளு நான்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. ரயில் தாமதமானால்கூட அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப இன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து விடுவோம் அண்ணே. நீங்க விட்டா நானும் விடறேன். ஒருத்தருக்கொருத்தர் பொய் மட்டும் வேண்டாம்."

கை கொடுத்தோம். என் பையிலிருந்த பாக்கெட்டையும் அவர் கையிலிருந்த தலைகீழ் சிகரெட்டையும் மைதானத்துக் குழாயடியில் நனைத்துக் குப்பையில் போட்டோம். வீட்டுக்கு இந்த விஷயம் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். என் உதடு பிரியாது என்று ஒலிபெருக்கிக்காரர் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு வறளுகிறது. ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதிக்கும்போது இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று கேட்டேன். இரண்டும் ஒரே மாதிரிதான் என்றார். வாழ்க்கையில் எதையாவது ஒன்றை முடிவு செய்யுங்கள் ஐயா என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் இரண்டு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார். சீட்டு எழுதும் அம்மா பேனாவைத் தட்டுவது சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. இரவுக்கும் பகலுக்குமாகக் கேரட் தின்றேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. வீட்டில் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்ததற்கு, இந்த வீட்டில் எதுவுமே நிலைப்பதில்லை என்று அரை மணி நேரம் சொற்பொழிவாற்றினேன்.

சிகரெட்டை விட்டுப் பதினோரு மாதமான மனிதன் திடீரென்று ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று எந்த மனைவியும் கேட்டிருப்பாள். இவள் கேட்கவில்லை. பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். கேரட்டை இரண்டு மடங்காக வாங்கினாள். ஒரு நாள் தோலைச் சீவித் துண்டு போட்டு, டப்பாவில் அடைத்து என் பைக்குள் வைத்தாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

தாங்க முடியாத நேரங்களில் இப்போது நான் அவரைக் கூப்பிட்டேன். வருகிறது என்பேன். சொல்லுங்கள் அண்ணே என்பார். ஒரு நாள் பேச விஷயம் எதுவும் இல்லாமல் ரயில் அட்டவணையையே ஒப்பிக்கச் சொன்னேன். முதல் ரயிலிலிருந்து மதியம் வரும் சரக்கு ரயில் வரைக்கும் ஒப்பித்தார். பத்து நிமிடம் போனது. ஆசையும் போனது. பல் டாக்டர் வீட்டுச் சுவர் பொய் சொல்லவில்லை.

ஐம்பதாவது நாள் வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அவர் வீட்டில் டீக்குக் கூப்பிட்டார். மனைவி விடுதியிலிருந்து வரத் தாமதமாகும் என்றதால் நான் மட்டும் போனேன். அங்கே வெளியூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். நாலு லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். தம்பியைவிட அரை அடி அகலம்.

என்னை அறிமுகம் செய்துகொண்டேன். சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் தம்பிக்கு இருக்கிற மன உறுதி யாருக்கும் வராது, இத்தனை வருடம் குடித்த சிகரெட்டை ஐம்பது நாளாகத் தொடவில்லை என்றேன். பின்னால் நின்று வழிகாட்டியவன் யார் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சிகரெட்டா? இவனா?" என்றார் அண்ணன். "பக்கத்துல யாராவது பீடி பத்த வெச்சாலே இவனுக்கு வாந்தி வரும். லாரியில ஏத்த மாட்டேன், டிரைவர் புகைய வாங்கினா மயங்கி விழுந்துடுவான்னு. நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

நான் அறிவிப்பாளரைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். அவர் மனைவி அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பு அணைந்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அறிவிப்பாளர் என்னை மாடிப்படியடிக்குத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். குடிவந்த மறுவாரமே என் மனைவி இறங்கிப் போய் அவர்களோடு பேசியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டுவிட்டதாக என்னை நம்ப வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அவரை உண்மையிலேயே விட வைக்க ஒரு ஆள் வேண்டும் என்றாளாம். எங்கள் கூடத்திலேயே நாலு நாள் ஒத்திகை நடந்திருக்கிறது. அவர் இருமிக் காட்டினால், இது தொண்டை இருமல், போதாது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று திருத்தியிருக்கிறாள். மூன்றாவது நடைமேடைக் கதையைக்கூட அவளேதான் கட்டிக் கொடுத்தாளாம். கடையில் தட்டிலிருந்து இடுக்கி காணாமல் போனால் உடனே சீட்டு எழுதும் அம்மா இவருக்குப் போன் செய்துவிடுவாளாம். அதுதான் அந்த ஒரே கடிகாரம்.

"மைதானத்துல அப்படி உடைஞ்சுபோய் உக்காந்திருந்தீங்களே?" என்றேன்.

"உங்க பிறவி வேற, என் பிறவி வேறங்கிற வரைக்கும் அக்கா சொல்லிக் கொடுத்தது. நீங்க திடீர்னு எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. சேந்து விடுவோம்னு சொன்னது நானா சொன்னது அண்ணே."

எதை விட்டீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"டீயில சக்கரை" என்றார். "உங்களை ஒண்ண விடச் சொல்லிட்டு நான் சும்மா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அன்னையிலேர்ந்து போடறதில்ல. அதுவும் லேசா இல்ல."

நான் வெளியே நடந்தேன். ஐம்பது நாள் கழித்து அன்றுதான் முதல்முறையாக என்னிடமிருந்து புகை கிளம்பியது. காது வழியாக. நான் ஒரு மனிதனைக் காப்பாற்றியதாக நினைத்தேன். ஒரு நாடகமே போட்டு என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு இலவசமாக வசனம் பேசியிருக்கிறேன்.

நேரே முனைக் கடைக்குப் போய் ஒரு சிகரெட் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தீப்பெட்டியும் வாங்கினேன். இடுக்கி தேவையில்லை, ஏலக்காய் தேவையில்லை. நடுத்தெருவில் நின்று எல்லாரும் பார்க்க ஊதப்போகிறேன். இப்படி ஒரு விடுதலை எனக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடைத்ததே இல்லை.

உதட்டில் வைத்தேன். தீக்குச்சியைக் கையில் எடுத்தேன். அப்புறம் எதற்கோ காத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. போன் அடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

அடிக்கவில்லை. அடிக்க நியாயமும் இல்லை. கடை பூட்டியாகிவிட்டது. இடுக்கி தட்டில் இருந்தது. நாடகம் முடிந்துவிட்டது. இப்போது நான் பற்ற வைத்தால் யாருக்கும் தெரியாது.

நானே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"வருது" என்றேன்.

இருங்கள் என்றார் அவர். அண்ணனிடம் டீயை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. நாங்கள் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை. சர்க்கரை இல்லாத டீ எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது கொஞ்சம் டீ மாதிரி இருக்கிறது என்றார். பத்து நிமிடம் ஆனது. சிகரெட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். பணம் திருப்பித் தர மாட்டேன் என்றார். வேண்டாம், தீப்பெட்டியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வந்திருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டிலிருந்து செய்தி மேலே ஏறியாகிவிட்டது என்று அவள் கத்தியைப் பிடித்திருந்த நிதானத்திலேயே தெரிந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"நீங்க முதல்ல திருட்டுத்தனமா பிடிச்ச அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து. மழை நாள். கடைக்குப் போகும்போது நீலச் சட்டை, வரும்போது வெள்ளைச் சட்டை."

எல்லா ஏற்பாடும் செய்தவன் நிறத்தைக் கவனிக்கவில்லை. அப்படியானால் அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்றேன்.

கேட்டால் இன்னொரு பொய் சொல்வீர்கள் என்றாள். பொய் சொல்கிற பெண்ணைத் திட்டினால் அடுத்த வாரம் அவள் இன்னும் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறாள், இது விடுதியில் தினமும் பார்ப்பது. ஆகவே அவள் திட்டுவதில்லை. எப்போதும் தாமதமாக வரும் பெண் யாரோ, அவளையே வாசலில் நிறுத்தி மற்றவர்கள் வரும் நேரத்தை எழுத வைப்பாளாம். ஒரே மாதத்தில் அந்தப் பெண்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பாளாம்.

இவ்வளவு பெரிய சுற்று எதற்கு என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் வீறாப்பு வைத்திருந்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "படி ஏறும்போது ரெண்டாவது மாடியில நின்னு நான் பையில சாவி தேடுவேன்ல?"

தேடுவாள். பல மாதமாகத் தேடுகிறாள். இவளுக்குச் சாவியை ஒரே இடத்தில் வைக்கத் தெரியவில்லையே என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

"சாவி கையிலேயேதான் இருக்கும். உங்களுக்கு மூச்சு வாங்கும். நின்னுக்கங்கன்னு சொன்னா நிக்க மாட்டீங்க. அதான் நான் நின்னேன்."

அவள் எதிரில் உட்கார்ந்து மீதிக் காயை நான் நறுக்கினேன். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக வந்தன. அவள் அதைத் திருத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, எதிர்க் கட்டிடத்து டிரைவரின் மனைவி விடுதிக்கு வந்து தன்னைப் பார்த்ததாகச் சொன்னாள். டிரைவர் எட்டு மாதமாகச் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறாராம். ஆனால் தினமும் வண்டியைக் கழுவுவதாகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் காணாமல் போகிறாராம். விட முடியாமல் தவிக்கிற ஒரு ஆள் அவரிடம் போய் உதவி கேட்டால் நன்றாக இருக்கும் என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார். இருபது வருட அனுபவம். இருமல் வேண்டுமா, கை நடுக்கம் வேண்டுமா, எல்லாம் சொந்தச் சரக்கு. நாளைக்கே போகிறேன் என்றேன். நடிப்பைப் பற்றி நீ கவலைப்படாதே, பதினோரு மாதம் ஒரு வார்டன் வீட்டிலேயே நடித்தவன் நான் என்றும் சொன்னேன்.

மனைவி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் பதினோரு மாசமும் பாத்துட்டுத்தான் சொல்றேன். உங்களுக்கு அது வராதுங்க. கீழ் வீட்டுக்காரர்தான் பேசுவார். நீங்க கூடப் போய் உக்காருங்க, போதும்."

மறுநாள் சாயங்காலம் சிகரெட்டையே தொட்டறியாத ஒருவர் எதிர்க் கட்டிடத்து டிரைவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இருபது வருடப் பழக்கத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வசனம் கிடையாது.